வாடகைக்கு வந்த கரண்ட்

மழை பெய்தால் ரப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக் கோட்டில் நிற்காமல் வழி தவறி ஓடிவிடும். அதனால் அந்தச் சனிக்கிழமை, தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் யாரும் வேலைக்கு இறங்கவில்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் முழுவதும் வீட்டில் இருந்தது. லயம் முழுவதும் பேட்டரி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தது.

ரோஷானிக்கு வந்த வினை அதுதான்.

டவுனில் பளீலின் போன், இன்டர்நெட் கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்யும் அவள், அங்கே ஆளில்லாத பகல் நேரத்தில் ‘ஈரக்குடை’ என்ற பெயரில் இன்டர்நெட்டில் எழுதிவருவது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆங்கில எழுத்தைத் தட்டினால் திரையில் தமிழாக மாறிவிடும். அந்த அதிசயத்துக்காகவே எழுத ஆரம்பித்தவள் அவள். போனில் மெசேஜ் வருவதற்கு ஒரு நொடி முன்னால் பக்கத்தில் இருக்கும் ரேடியோ ஏன் உறுமுகிறது, பாட்டுப் போட்டிக்கு எஸ்.எம்.எஸ். வோட்டுப் போட, போனில் காசு ஏற்றும் ரீலோட் வாங்குகிறவர்கள் ஏன் நாட்டுக்கு வோட்டுப் போடும் நாளில் தூங்குகிறார்கள், மாகாண சபைத் தேர்தல் போஸ்டர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஏன் ஒரே பல் டாக்டரிடம் போய் வந்தவர்கள் மாதிரி சிரிக்கிறார்கள் என்பதெல்லாம்தான் அவள் எழுதுகிற சங்கதிகள்.

போன வாரம் அவள் எழுதியது தோட்டத்தில் திறக்கப்பட்ட கம்பியூட்டர் அறையைப் பற்றி. தாய்மார் முன்பு குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போன பழைய பிள்ளைக் காம்பராவைச் சுண்ணாம்படித்து, மூன்று கம்பியூட்டர் வைத்து, கொழும்பிலிருந்து வந்த தொழிற்சங்கப் பெரியவர் ரிப்பன் வெட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கரண்ட் மட்டும் வரவில்லை. பெக்டரி வரைக்கும் வந்த கம்பி லயத்துப் பக்கம் இன்னும் திரும்பவில்லை. சிரிப்பாக இருக்கும் என்று எழுதினாள். கனடாவிலும் மதுரையிலும் இருக்கிற யாரோ படித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தாள்.

கொழும்பில் இருக்கிற ஓர் அறிவிப்பாளர் படிப்பார் என்று அவள் நினைக்கவில்லை.

“இன்டர்நெட்டுல இன்னைக்கு நாங்க கண்டெடுத்தது...” என்று அந்தக் குரல் உற்சாகமாக ஆரம்பித்தபோது, ரோஷானி கடைக்குக் கிளம்பக் கண்ணாடி முன் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்பா யேசுதாசன் வாசற்படியில் உட்கார்ந்து பாலில்லாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா பிலோமினம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஈரக்குடைங்கிற பேர்ல ஒருத்தர் எழுதியிருக்கார். தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டமாம். கேளுங்க.”

ரோஷானியின் கை பின்னலில் அப்படியே நின்றது.

“‘ரிப்பன் இரண்டு துண்டானது. பெரியவர் கழுத்துக்குப் போக வேண்டிய மாலை கைநழுவிக் கீபோர்ட்டின் மேல் விழுந்தது. கம்பியூட்டருக்கே மாலை போட்ட முதல் தோட்டம் எங்களுடையதுதான்.’”

யேசுதாசன் சிரித்துவிட்டார். “அட, நம்ம தோட்டம்டி இது! அந்த மாலையப் போட்டது நான்தானே. கை வழுக்கிருச்சு.” பக்கத்து வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் சிரிப்புக் கேட்டது. ஒரே ஸ்டேஷன்தான் எல்லா வீட்டிலும்.

“‘முதலில் கை தட்டியவர் தோட்டத் தலைவர். புதுச் சட்டை. நெஞ்சில் ‘எல், எல், எல்’ என்று சைஸ் போட்ட பிளாஸ்டிக் பட்டியை உரிக்காமலே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் கை தட்டத் தட்ட, பாதி பிரிந்த பட்டியும் கூடவே தட்டியது. கரண்ட் இல்லாத கம்பியூட்டரும் பட்டி உரிக்காத சட்டையும் ஒரே ரகம். இரண்டும் காட்டுவதற்கென்று வந்தவை.’”

அறிவிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பாட்டு வந்தது.

யேசுதாசனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். “சங்கத்துத் தலைவர்னா... நான்தானே?” என்றார். சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது, போகத் தெரியாத விருந்தாளி மாதிரி. “ஏன் பிலோமினா, என் சட்டைல அப்படி ஒன்னும் இருக்கலையே?”

பிலோமினம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

“இருந்துச்சா?”

“தொவைக்கிறப்பதான் பார்த்தேன்” என்றாள் அவள் மெதுவாக. “உரிச்சிப் போட்டுட்டேன். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல. நான்தானே அவிசாவளையில வாங்கிட்டு வந்தேன்... நான் பார்த்திருக்கணும்.”

யேசுதாசன் தலையாட்டினார். கோப்பையில் மிச்சமிருந்த சாயத்தண்ணியை முற்றத்து மழையில் ஊற்றினார். யாரையும் திட்டவில்லை. எழுந்து உள்ளே போய் ரேடியோவை மட்டும் நிறுத்தினார்.

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி இராமசாமி. அவர் குரல் அடுப்படி வரை கேட்டது.

“என்ன தலைவரே, கொழும்புல இருந்து பெரியவரே எனக்குப் போன் எடுத்துட்டாரு! எலெக்‌ஷன் நேரத்துல இப்படியா? யாரு அந்த ஈரக்குடை? உங்க தோட்டத்துல எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் எத்தன பேரு இருக்கான், உங்களுக்குத் தெரியாதா? நான் பகலுக்கு வாறேன். வீடியோக்காரனையும் கூட்டிட்டு வாறேன். ரூமைக் கூட்டித் தொடச்சி வைங்க.”

“சரிங்கய்யா” என்றார் யேசுதாசன்.

ரோஷானி குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிலோமினம்மா வாழை மரத்தடி வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

“நீதானே?”

ரோஷானி தலை குனிந்தாள். “எப்படிம்மா தெரியும்?”

“மாலை விழுந்ததப் பார்த்து அன்னைக்கு நீ எங்கிட்ட சொன்ன பேச்சுத்தானே இது. வார்த்தை மாறல.” அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். “அப்பாவ எழுதணும்னு எப்படிப் புள்ள மனசு வந்துச்சு?”

“அப்பான்னு நினைச்சு எழுதலம்மா.”

அது உண்மைதான். தட்டிக்கொண்டே போகும்போது ‘தோட்டத் தலைவர்’ என்று ஓர் ஆள் தானாகத் திரையில் வந்து நின்றார். அவருக்குச் சட்டை போட்டாள், பட்டி ஒட்டினாள், கை தட்ட வைத்தாள். அவர் இரவில் இருமுகிறவர், அவளுக்குக் காய்ச்சல் என்றால் டிஸ்பென்சரிக்குத் தோளில் தூக்கிப் போனவர் என்பதெல்லாம் அந்தப் பத்து விரல்களுக்கும் அப்போது தெரியவில்லை.

கடையில் பளீல் ஷட்டரைப் பாதி திறந்து வைத்திருந்தார். அவரும் ரேடியோ கேட்டிருந்தார்.

“மகள், அந்த ஈரக்குடை நம்மட கடைக் குடையா?”

“ஆமா, பளீல் நானா” என்றாள், அண்ணனிடம் சொல்வது மாதிரி.

பளீல் தாடியைத் தடவினார். “நல்லாத்தான் ஈந்திச்சி. நானும் சிரிச்சன். ஆனா காலம் சரியில்ல பாருங்க. இன்டர்நெட் பாவிக்கிற ஆளுகள்ட ஐடென்டிட்டி நம்பர எடுத்து வைங்கன்டு பொலிஸ் சொல்லியிருக்கு. நாளைக்கு எவனாவது வந்து, யார் எழுதினதுன்டு கேட்டா நான் என்ன சொல்ற?”

“நான்தான்னு சொல்லுங்க.”

“சொல்லத்தான் வேணும்” என்றார் அவர் வருத்தமாக. “அதுக்குத்தான் பயம்.”

கம்பியூட்டரைப் போட்டாள். பதிவின் கீழே அவள் ஒருநாளும் பார்த்திராத அளவுக்கு ஆட்கள் எழுதியிருந்தார்கள். சிரிப்புக்கு மேல் சிரிப்பு. டொரொன்டோவில் இருந்து ஒருத்தர், ‘அந்த எல்-எல்-எல் தலைவரை நினைத்து நினைத்து வயிறு வலிக்கிறது. இப்படி ஜோக்கர்களை எங்கே பிடிக்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தார்.

போன வாரம் என்றால் அதை இரண்டு தரம் படித்திருப்பாள். இப்போது முழுவதும் படிக்க முடியவில்லை. பதிவை முழுதாக அழித்துவிடலாமா என்று கை போனது. மாலை, ரிப்பன், வராத கம்பி எல்லாம் உண்மை. அதை ஏன் அழிக்க வேண்டும்? சட்டையைப் பற்றிய வரிகளை மட்டும் எடுத்தாள்.

“அழிச்சாலும் ரேடியோக்காரன் வாசிச்சத திருப்பி வாங்கேலாதே” என்றார் பளீல் பின்னாலிருந்து.

“தெரியும் நானா. நான் வீட்டுக்குப் போகணும். பகலுக்கு ஆள் வருதாம்.”

“போங்க, போங்க. மழைக்கு இன்னைக்கு யாவாரமும் இல்ல.”

அவள் அவிசாவளைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஏறிச் சந்தியில் இறங்கி, மேடேறி வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் ஒரு வெள்ளை வேன் நின்றது. அதன் பின்கதவு வழியாக இரண்டு பேர் எதையோ இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜெனரேட்டர்.

டவுனில் கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாவுக்கும் சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிற சாலியுடைய ஜெனரேட்டர் அது. சாலியே கூட வந்திருந்தான். நீலச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமையாதலால் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். பெரியவர்களும் வந்து நின்றார்கள். யேசுதாசன் கதவோரம் நின்றார். பழைய சட்டை போட்டிருந்தார். ஒன்றிரண்டு பேர் அவர் நெஞ்சைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை ரோஷானி கண்டாள்.

சாலி கயிற்றை இழுத்தான். இரண்டு தரம் இருமிவிட்டு ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. அறைக்குள் மூன்று திரைகளும் ஒன்றன் பின் ஒன்றாக விழித்தன.

“ஹா!” என்றார்கள் பிள்ளைகள். இரண்டு மாதமாக ஜன்னல் கம்பி வழியே பொலித்தீன் உறையை மட்டும் பார்த்து வந்தவர்கள் அவர்கள்.

“பார்த்தீங்களா?” என்றார் இராமசாமி. வெள்ளை வேட்டியில் சேறு படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். “எவன் சொன்னது வேலை செய்யாதுன்னு? வாங்க தலைவரே, இப்படி நடுவுல நில்லுங்க. பிள்ளைகள உக்கார வைங்க. ‘எங்க பிள்ளைக தினமும் இங்கதான் படிக்கிறாங்க, ரேடியோவுல சொன்னது பொய்’னு ரெண்டு வார்த்த சொல்லுங்க. போதும்.”

வீடியோக்காரர் சிங்களவர். “தவ டிக்கக் இஸ்ஸரஹட்ட” என்று கையசைத்தார். யேசுதாசன் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றார்.

“சத்தம் விழுமேங்கய்யா” என்றார் ஜெனரேட்டரைக் காட்டி.

“அத எடுத்திரலாம். மேல பாட்டுப் போட்டுருவாங்க. நீங்க பேசுங்க.”

யேசுதாசன் கேமராவைப் பார்த்தார். பிறகு திரைகளைப் பார்த்தார். ஒரு சின்னப் பெண் யாரும் சொல்லாமலே ஒரு பட்டனை அமுக்கிவிட்டு, ஏதோ ஓடுவதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“ஐயா, ஒன்னு கேக்கிறேன். இந்த மெஷினை இங்கயே விட்டுட்டுப் போவீங்களா?”

“எத?”

“ஜெனரேட்டர.”

“அது வாடகைக்கு எடுத்தது தலைவரே.”

“அப்ப நான் சொல்லப் போற வார்த்தையும் வாடகைக்குத்தானுங்க ஆகும்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இராமசாமியின் முகம் இறுகியது. வீடியோவை நிறுத்தும்படி கையைக் காட்டினார்.

“என்ன பேசுறீங்க? கட்டடம் வந்திருக்கு, சாமான் வந்திருக்கு. கம்பிதானே பாக்கி? எலெக்‌ஷன் முடிய வரும். அதுக்குள்ள எவனோ ஒரு தறுதல எழுதினத நம்பி...” குரலைத் தாழ்த்தினார். “உங்களையே கேவலமா எழுதியிருக்கான். கோபம் வரலையா உங்களுக்கு? ஆள் யாருன்னு கண்டுபிடிங்க முதல்ல.”

ரோஷானி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நான்...”

“கண்டுபிடிக்க வேண்டியதில்லைங்கய்யா” என்றார் யேசுதாசன், அவளைத் திரும்பிப் பார்க்காமலே. “எங்க வீட்டுலதான் எழுதினது. என் மக.”

வாசலில் நின்ற பிலோமினம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

அப்பாவுக்கு எப்போது தெரிந்தது? அம்மா சொன்னாளா, ரேடியோ நின்ற அந்த நேரத்திலேயே தெரிந்ததா? ரோஷானிக்கு விளங்கவில்லை.

“உங்க மகளா?” இராமசாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். “நல்ல புள்ளய வளர்த்திருக்கீங்க. அப்பனையே ஊர் சிரிக்க வச்சிருக்கு.”

“அது எனக்கும் அவளுக்கும் உள்ளதுங்க. நாங்க பேசிக்குவோம். மத்ததுல பொய் இருந்தா சொல்லுங்க. இப்பவே அழிக்கச் சொல்றேன்.”

இராமசாமி அறையைச் சுற்றிப் பார்த்தார். “அடுத்த மாசம் தோட்டக் கமிட்டிக்குத் தலைவர் தெரிவு வருது. நீங்க யோசிச்சுக்கங்க” என்றார் கடைசியில். வேட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார். “டேய் சாலி, நிப்பாட்டு. ஏத்து.”

சாலி ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். எழும்பவில்லை.

“அந்தி வரைக்கும் எண்டுதானே சேர் பேசின. எண்ணெயும் ஊத்தியாச்சி” என்றான். “நீங்க போங்க. நான் பொறகு லொறில எடுத்துக்கிறன்.”

“எதுக்கு?”

சாலி ஜன்னலைக் காட்டினான். மூன்று திரைகளுக்கும் முன்னால் தலைகள் குவிந்திருந்தன. “பவ் சேர், பாவம்” என்றான். “புள்ளைகள் பாக்கட்டும்.”

வேன் கதவு அடித்து மூடிக்கொண்டு மலையிறங்கிப் போனது.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததற்கு ரோஷானி ஆயத்தமாக இருக்கவில்லை. “அக்கா, இத எப்படி?” “அக்கா, எனக்கு!” என்று நாலா பக்கமும் இழுத்தார்கள். படம் வரைகிற பக்கத்தைத் திறந்துவிட்டாள். ஒரு பையன் சிவப்பில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, இது எங்க வீட்டு சேவல் என்றான். வாயைப் பொத்தி நின்ற சின்னப் பெண் மவுஸை இரண்டு கையாலும் கோழிக்குஞ்சைப் பிடிப்பது மாதிரி பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் பெரியவர்களும் நுழைந்தார்கள். காலையில் சிரித்தவர்களில் ஒருத்தி, “தலைவரே, நீங்களும் ஒரு கோடு இழுங்களேன்” என்று யேசுதாசனைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார வைத்தாள்.

கத்தி பிடித்துக் காய்த்த அவர் விரல், பட்டன் மேல் தயங்கித் தயங்கி நின்றது. மரத்தில் வெட்டுகிற சரிவில் ஒரு கோடு இழுத்தார். “நேராத்தான் வருது” என்றார்.

அந்தியில் எண்ணெய் தீர்ந்து ஜெனரேட்டர் தானாக அடங்கியது. சாலி அதை லொறியில் ஏற்றினான். தோட்டத்து ஆபிஸ் கிளாக்கர் வந்து அறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார்.

அப்பாவும் மகளும் ரப்பர் மரங்களுக்கு நடுவே வீட்டுக்கு நடந்தார்கள். பால் பிடிக்கிற சிரட்டைகளில் மழைத் தண்ணீர் நிறைந்து நின்றது. போகிற போக்கில் யேசுதாசன் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே போனார்.

“சட்டை விஷயத்த எடுத்துட்டேன்ப்பா.”

“எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன. கேட்டவங்க கேட்டாச்சு.” இன்னொரு சிரட்டையைக் கவிழ்த்தார். “எனக்கு அது பெருசில்ல. முதல்ல கை தட்டினவர்னு எழுதியிருந்தியே, அதுதான் சுட்டுச்சு.”

“ஏன்ப்பா?”

“ஏன் தட்டினேன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.” அடுத்த மரத்துக்கு நடந்தார். “ஓ.எல். பரீட்சை முடிச்சிட்டு கம்பியூட்டர் படிக்கணும்னு நீ தினமும் டவுனுக்கு நடந்த பாரு. பஸ் இல்லாத நாள் நனைஞ்சிட்டு வருவ. அப்ப இருந்து ஒவ்வொரு கூட்டத்துலயும் எழும்பி எழும்பி நான்தான் கேட்டேன், எங்க தோட்டத்துக்கு ஒன்னு குடுங்கன்னு. எல்லாரும் சிரிப்பாங்க. உனக்குப் பிந்திருச்சு. சின்னதுகளுக்காவது வந்துச்சேன்னு தட்டினேன். கரண்ட் வராதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

ரோஷானி ஒரு சிரட்டையைக் குனிந்து கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றாள்.

“அழுவாத” என்றார் அவர். “எழுதினதுல பொய் இல்ல. பாதிதான் இருந்துச்சு. அவ்வளவுதான்.”

“மீதியையும் எழுதுறேன்ப்பா.”

“எழுது. ஆனா முதல்ல எனக்கு வாசிச்சுக் காட்டு. ரேடியோவுல கேட்க வைக்காத.”

அவள் அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தது. பிலோமினம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சோற்றைப் போட்டாள். முதல் கவளம் வாய்க்குப் போவதற்குள் யேசுதாசனின் போன் அடித்தது.

அவர் இடது கையால் எடுத்தார். கேட்கக் கேட்க அவர் புருவம் உயர்ந்தது.

“சரிங்கய்யா... ஆமாங்கய்யா... அத நான் சொல்ல முடியாதுங்க.” போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிக் கையால் பொத்திக்கொண்டார். “இராமசாமி ஐயா. திங்கக்கிழமையே கம்பி இழுக்க ஆள் அனுப்புறாராம்.”

“ஏசப்பா!” என்றாள் பிலோமினம்மா.

“இன்னும் முடியல. ரத்தினபுரியில அவங்க எலெக்‌ஷன் ஆபிஸ்ல எழுதறதுக்கு ஆள் வேணுமாம். ரேடியோவுல சிரிக்க வச்ச கைதான் வேணுமாம் பெரியவருக்கு. திங்கக்கிழமை கம்பி இங்க வரும்போது, ரோஷானி அங்க போய்ச் சேரணுமாம். அங்கயே தங்குற இடமும் குடுப்பாங்களாம்.”

“போகலன்னா?” என்றாள் ரோஷானி.

“அத அவரு சொல்லல. நானும் கேக்கல.”

அவர் போனை அவள் பக்கம் நீட்டினார். பிலோமினம்மா வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினாள். அப்பா இப்படியும் ஆட்டவில்லை, அப்படியும் ஆட்டவில்லை.

ரோஷானி சோற்றுக் கையை அலம்பிவிட்டு வந்து போனை வாங்கினாள்.

“சொல்லுங்க” என்றாள். “இதையும் சேர்த்துத்தான் எழுதப் போறேன்.”